வெள்ளைக் காக்கை, மஞ்சள் கிளி: தோப்புக்கு வரும் நிறம் மாறிய பறவைகள்

"வெள்ளைக் காக்கா மல்லாக்கப் பறக்குது" என்றால்கூட நம்பிவிடுவான் என்று ஏமாளியைக் கேலி செய்வோம். மல்லாக்கப் பறப்பது இருக்கட்டும், வெள்ளைக் காக்கை நிஜமாகவே உண்டு. பாலக்காட்டுக் கணவாயின் இருபுறமும், வாளையார் தொடங்கி கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், கொல்லங்கோடு வரை தோப்பும் வயலும் வீடும் கலந்து கிடக்கும் பகுதியில் பறவைகளை ஆண்டு முழுக்கக் கவனிப்பவர்களுக்கு இது புதிதல்ல. இறக்கையில் வெள்ளைப் பட்டை போட்ட காகம், உடம்பெல்லாம் வெளுத்த தவிட்டுக்குருவி (கணவாய்க்கு அந்தப் பக்கம் பூத்தாங்கீரி), தலை மட்டும் வெள்ளையான சின்னான், எப்போதாவது ஒரு மஞ்சள் கிளி என்று ஏதாவது ஒன்று கண்ணில் படும்.

பார்த்தவுடன் வாயில் வரும் சொல் 'அல்பினோ', அதாவது கறுப்பு நிறமியே இல்லாமல் பிறந்தது. பத்துக்கு ஒன்பது முறை அது தப்பு. வெள்ளை இறகுக்குக் காரணங்கள் பல. பிறவிக் குறை, வயது, குஞ்சுப் பருவத்துச் சாப்பாடு, காயம், வெயில் எல்லாமே இறகை வெளுக்க வைக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். கண்ணும் காலும் அலகும் பாதிக் கதையைச் சொல்லிவிடும். மீதிப் பாதியைச் சொல்வது அடுத்த இறகுதிர்ப்பு. பழைய இறகு விழுந்து புது இறகு முளைக்கும்போது வெள்ளை போகிறதா, அப்படியே நிற்கிறதா, கூடுகிறதா என்று பார்க்காமல் தீர்ப்பு சொல்வது வெறும் ஊகம்.

நிறம் வரும் மூன்று வழி

கறுப்பு, சாம்பல், கரும்பழுப்பு ஆகியவற்றைத் தருவது யூமெலனின். செங்கல் பழுப்பு, தவிட்டு நிறம், மணல் நிறம் ஆகியவற்றைத் தருவது ஃபியோமெலனின். செம்போத்தின் செம்பழுப்பு இறக்கையும் மைனாவின் காப்பிக்கொட்டை நிற உடம்பும் இந்த இரண்டு வகை மெலனின் நிறமியின் வேலை. பறவை இதைத் தன் உடம்பிலேயே செய்துகொள்கிறது. மூலப்பொருள் டைரோசின் என்னும் அமினோ அமிலம், அதாவது புரதத்தில் கிடைப்பது.

மஞ்சளும் சிவப்பும் பெரும்பாலும் கரோட்டினாய்டு. இதைப் பறவையால் செய்ய முடியாது. பழம், பூச்சி, விதை வழியாக உள்ளே போய் இறகில் சேர வேண்டும். மாங்குயிலின் மஞ்சள், சின்னானின் வாலடிச் சிவப்பு இந்த வகை. கிளி மட்டும் விதிவிலக்கு: அதன் மஞ்சளும் சிவப்பும் சிட்டாகோஃபல்வின் என்ற வேறு நிறமி. அதைக் கிளி தன் உடம்பிலேயே தயாரிக்கிறது.

மூன்றாவது, நிறமியே இல்லாத நிறம். நீலம் எல்லாம் இதுதான். இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடித்து நீலத்தைத் திருப்பி அனுப்புகிறது. மயிலிறகின் நுண்கிளைகளில் மெலனின் குச்சிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அடுக்குக்கு இடையே ஏறத்தாழ 140 நானோமீட்டர் என்றால் நீலம், 150 என்றால் பச்சை, 165 என்றால் மஞ்சள். மீன்கொத்தியின் நீலம் வேறு அமைப்பு, பஞ்சுபோல் துளைகள் நிறைந்தது. ஆனாலும் அதற்குப் பின்னால் ஒரு கறுப்புத் திரையாக மெலனின் நின்றாக வேண்டும். திரை இல்லாவிட்டால் எல்லா ஒளியும் கலந்து திரும்பி வந்து நீலம் கரைந்துவிடும்.

இதிலிருந்து நேரடியாகப் பயன்படும் ஒரு சோதனை கிடைக்கிறது. மெலனின் போனால் கறுப்பும் பழுப்பும் போகும், நீலமும் போகும். கரோட்டினாய்டு போகாது. அதனால்தான் முழுக்க வெளுத்த சின்னானுக்கும் வாலுக்கடியில் சிவப்பு அப்படியே பளிச்சென்று நிற்கிறது. வெள்ளைச் செம்மீசைச் சின்னான் என்றால் கன்னத்துச் சிவப்பும் சேர்ந்து நிற்கும். இனம் தெரியாத ஒரு வெள்ளைக் குருவி வேலிக் கம்பியில் உட்கார்ந்திருந்தால் முதலில் வாலடியைப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அல்பினோவை நாம் ஏன் பார்ப்பதில்லை

அல்பினோவில் மெலனின் தயாரிக்கத் தேவையான டைரோசினேஸ் நொதி வேலை செய்வதில்லை. இறகிலும் தோலிலும் மட்டுமல்ல, கண்ணிலும் மெலனின் கிடையாது. கண்ணுக்குள் இருக்கும் ரத்தக் குழாய்கள் தெரிவதால் கண் சிவந்திருக்கும். சிக்கல் சிவப்பில் இல்லை. கண்ணுக்குள் வரும் ஒளியை உறிஞ்சிக்கொள்ள மெலனின் இல்லாததால் வெளிச்சம் தாங்காது, தூரம் கணிக்கத் தெரியாது. கூட்டில் தாய் ஊட்டும்வரை ஓடும். கூட்டை விட்டதும் கிளையைப் பிடிக்கத் தெரியாமல் விழும், வைரி என்னும் வேட்டைப் பறவை வருவது தெரியாது. ஆகவே வளர்ந்த அல்பினோப் பறவை வெளியில் தென்படுவது மிக அபூர்வம். 'பாதி அல்பினோ' என்று சொல்வது இன்னும் மோசம். நொதி இருந்தால் உடம்பு முழுக்க இருக்கும், இல்லாவிட்டால் முழுக்க இருக்காது. ஒரு இறக்கைக்கு மட்டும் இல்லாமல் போகாது.

சிவந்த கண்ணோடு ஒரு வெள்ளைப் பறவை வளர்ந்து, நன்றாகப் பறந்து இரை தேடுகிறது என்றால் அது அநேகமாக 'இனோ' என்ற வேறு குறை. அதில் மெலனின் உருவாகிறது, ஆனால் கடைசிவரை பக்குவப்படுவதில்லை. புது இறகு லேசான தவிட்டு நிறத்தில் முளைத்து வெயிலில் சீக்கிரம் வெள்ளையாகிவிடும். கண்ணில் கொஞ்சம் நிறமி இருப்பதால் பார்வை அல்பினோவைவிட மேல்.

கண் கறுப்பாகவே இருந்து உடம்பு வெளுத்திருந்தால் பெரும்பாலும் லூசிசம், அல்லது வயதோடு கூடும் நரை. லூசிசத்தில் நொதிக்குக் குறையில்லை, நிறமி செல்கள் இறகு முளைக்கும் இடத்துக்குப் போய்ச் சேருவதில்லை. கருவில் இந்த செல்கள் முதுகுத்தண்டு உருவாகும் பகுதியிலிருந்து புறப்பட்டு உடம்பெங்கும் பரவ வேண்டும். வழியில் நின்றுவிட்டால் கடைசியாகப் போய்ச் சேர வேண்டிய இடங்கள், அதாவது முகம், இறக்கை நுனி, வயிறு, கால்விரல் ஆகியவை வெள்ளையாகும். இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். விழித்திரைக்குப் பின்னுள்ள நிறமி இந்தப் பயணத்தை நம்பியில்லை, கண் உருவாகும் பகுதியிலேயே தோன்றுகிறது. முழுக்க வெளுத்த லூசிசப் பறவைக்கும் கண் கறுப்பாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

காகத்தின் வெள்ளை இறக்கை

இந்தப் பகுதியில் அதிகம் கண்ணில் படுவது இறக்கையில் வெள்ளை உள்ள காகம். அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

காகத்தின் ஒவ்வொரு இறக்கையிலும் வெளிப்புறம் பத்து நீண்ட இறகுகள் உண்டு. உள்ளிருந்து வெளியே ஒன்று முதல் பத்து வரை எண்ணுங்கள். பறக்கும்போது எடுத்த படத்தில் எந்தெந்த எண் வெள்ளை, ஒரு இறகின் எந்தப் பகுதி வெள்ளை என்று பார்க்க வேண்டும். இங்கேதான் விஷயமே இருக்கிறது.

இறகு நுனியிலிருந்து அடிக்கு வளர்கிறது. நுனி முதலில் உருவாகி வெளியே வரும், அடிப்பகுதி கடைசியில். காகக் குஞ்சு கூட்டில் இருப்பது மூன்று நான்கு வாரம். இறக்கையின் இறகுகள் எல்லாம் அப்போதுதான் சேர்ந்தாற்போல் வளர்கின்றன. அந்த நாட்களில் புரதம் குறைந்தால் டைரோசின் குறையும், மெலனின் குறையும். விளைவு, எல்லா இறகிலும் ஒரே மட்டத்தில் வெளிர்ப் பகுதி. நுனி கறுப்பு, நடுவோ அடியோ வெள்ளை, இரண்டு இறக்கையிலும் அதே மாதிரி. பறக்கும்போது நீளமான வெள்ளைப் பட்டையாகத் தெரியும். இது பரம்பரைக் குறை இல்லை, சாப்பாட்டுக் குறை. சந்தை, பரோட்டாக் கடை, கல்யாண மண்டபம் பக்கத்தில் சோறும் பிஸ்கட்டும் பரோட்டாத் துண்டுமே முக்கிய இரையாகப் போன கூடுகளில் இப்படி நடக்க வாய்ப்பு அதிகம். புழுவும் பூச்சியும் எலிக்குஞ்சும் கிடைக்கும் வயலோரத்தில் குறைவு.

இதற்காக ஆடி அமாவாசைச் சோற்றைக் குறை சொல்ல வேண்டியதில்லை. தமிழ்ப் பக்கம் ஆடி அமாவாசையும் கேரளப் பக்கம் கர்க்கடக வாவும் ஒரே நாள், இரண்டு பக்கமும் காகத்துக்குச் சோறு வைப்பார்கள். காகம் கூடு கட்டிக் குஞ்சு வளர்ப்பது பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூன் வரை. ஆடி வரும்போது அந்த ஆண்டுக் குஞ்சுகள் பெரும்பாலும் கூட்டை விட்டிருக்கும்.

சாப்பாட்டுக் குறையால் வந்த வெள்ளை அடுத்த முழு இறகுதிர்ப்பில் போய்விடும், நல்ல இரை கிடைத்திருந்தால். ஆனால் எப்போது? பெரிய காகம் இனப்பெருக்கம் முடிந்ததும் மழைக்காலத்தில் இறக்கை இறகுகளை மாற்றத் தொடங்கும். இளங்காகம் முதல் ஆண்டில் உடம்பு இறகுகளை மட்டும் மாற்றும், இறக்கையை மாற்றாது. ஜூனில் கூட்டை விட்ட குஞ்சின் வெள்ளைப் பட்டை அடுத்த ஆண்டு மழைக்காலம் வரை அப்படியே இருக்கும். ஆறு மாதம் பார்த்துவிட்டு "மாறவே இல்லை, இது பிறவி" என்று முடிவு கட்டினால் தப்பாகிவிடும். சிட்டுக்குருவியில் கணக்கு வேறு: குஞ்சே முதல் சில மாதங்களில் எல்லா இறகையும் மாற்றிவிடும்.

இன்னொரு வகைக் காகம் உண்டு. இங்கொன்று அங்கொன்றாக முழு இறகே வெள்ளை, கழுத்தில் இரண்டு, இறக்கையில் மூன்று, வாலில் ஒன்று. இரண்டு பக்கத்துக்கும் பொருத்தமே இருக்காது. இது நரை. மனிதருக்கு வருவதுபோல ஒரு வயதுக்குப் பிறகு தொடங்கி, ஒவ்வொரு இறகுதிர்ப்பிலும் கூடிக்கொண்டே போகும். சில பறவைகளில் கடைசியில் முழு வெள்ளையாகவே முடியும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பறவைத் தொகுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஹைன் வான் குரோவ் இந்த நிறமாற்றங்களை ஒழுங்குபடுத்திப் பெயரிட்டவர்களில் முக்கியமானவர். வெள்ளை இறகுக்கு மிகச் சாதாரணமான காரணம் லூசிசம் அல்ல, இந்த நரைதான் என்பதை அழுத்திச் சொன்னவரும் அவர்தான். முழு வெள்ளைக் காகம் ஒன்று, கண் கறுப்பு. அது பிறவியிலேயே அப்படியா, நரைத்து முடிந்ததா என்று ஒரே படத்தை வைத்துச் சொல்ல வழியில்லை. கூட்டிலிருந்தே பார்த்தவர் யாராவது இருந்தால்தான் தெரியும்.

ஒரே ஒரு இறகு, அதுவும் ஒரு பக்கம் மட்டும் வெள்ளை என்றால் பழைய காயத்தை நினைக்கலாம். இறகு முளைக்கும் குழி சேதப்பட்டால் நிறமி செல் அங்கே அழிந்து, அதன்பின் வெள்ளையாகவே முளைக்கும். காற்றாடி நூலில் சிக்கித் தப்பிய பறவையிலும் பூனை வாயிலிருந்து தப்பியதிலும் இது வரலாம்.

இறகுதிர்ப்புக் காலத்தில் மட்டும் வரும் ஒரு ஏமாற்றும் உண்டு. ஆகஸ்ட், செப்டம்பரில் இறக்கையின் மேல்மூடி இறகுகள் கொட்டும்போது அடியிலிருக்கும் இறகுகளின் வெளிர்ச் சாம்பல் அடிப்பாகம் வெளியே தெரியும். பறக்கும்போது வெள்ளைக் கோடாகக் காட்டும். சில வாரத்தில் காணாமல் போகும்.

பழுப்புக் காகம், வெயில், பெண் கணக்கு

சித்திரை வைகாசி வெயிலில் பழைய இறகு எதுவாக இருந்தாலும் வெளுக்கும். கரிச்சானின் இறக்கை நுனி, காகத்தின் வால், மைனாவின் முதுகு எல்லாம் ஆடிக்கு முன் பழுப்பேறிக் கிடக்கும். இது நிறமாற்றம் அல்ல, தேய்மானம். புதிதாக முளைத்த ஒரு கறுப்பு இறகு பக்கத்தில் வந்து நின்றால் வித்தியாசம் உடனே தெரியும்.

உண்மையான 'பழுப்பு' மாற்றம் வேறு. அதில் யூமெலனின் முழுதாகக் கறுக்காமல் பழுப்பிலேயே நின்றுவிடுகிறது. இந்த இறகு வெயிலைத் தாங்காது, சில மாதத்தில் வெளியே தெரியும் பகுதி கிட்டத்தட்ட வெள்ளையாகும். ஆனால் இறக்கை மடங்கியிருக்கும்போது மேல் இறகு மூடிக்கொண்டிருந்த பகுதி வெயில் படாமல் நல்ல பழுப்பாகவே இருக்கும். ஆகவே இறக்கை விரித்த படம் ஒன்று வேண்டும். விரித்த இறக்கையில் ஒவ்வொரு இறகின் உள்விளிம்பும் கரும்பழுப்பு, வெளிவிளிம்பு வெளுப்பு என்று இருந்தால் பழுப்பு மாற்றம் என்று எழுதலாம். உட்கார்ந்திருக்கும் பறவையின் படம் மட்டும் இருந்தால் எழுதாமல் விடுவதே நல்லது.

இந்தப் பழுப்பும் மேலே சொன்ன இனோவும் காட்டில் பெரும்பாலும் பெண் பறவைகளிலேயே தெரியும். பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. இந்தக் குறைகள் இசட்டில் இருக்கின்றன. பெண்ணுக்கு ஒரே இசட் என்பதால் அதில் குறை இருந்தால் மறைக்க வழியில்லை. ஆணுக்கு இரண்டிலும் இருந்தால்தான் வெளியே தெரியும், ஒன்றில் மட்டும் இருந்தால் பார்க்கச் சாதாரணமாக இருந்துகொண்டே குறையைச் சுமக்கும். அப்படி ஒரு ஆண் சாதாரணப் பெண்ணோடு சேர்ந்தால் சராசரியாகப் பெண் குஞ்சுகளில் பாதி பழுப்பு, ஆண் குஞ்சு ஒன்றுகூடப் பழுப்பாக இருக்காது. மறுவருடமும் அதே தோப்பில் இன்னொரு பழுப்புக் குஞ்சு வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், அப்பன் அங்கேயே இருக்கிறான்.

அல்பினோ அப்படியல்ல. தாய், தகப்பன் இருவரும் மறைவாகச் சுமந்தால்தான் வரும், அப்போதும் நாலில் ஒரு குஞ்சுக்கே வாய்ப்பு.

மஞ்சள் கிளி எங்கிருந்து வந்தது

பச்சைக்கிளியின் பச்சை இரண்டு சேர்ந்தது: சிட்டாகோஃபல்வினின் மஞ்சளும் நுண்ணமைப்பு தரும் நீலமும். மெலனின் போனால் நீலம் போய் மஞ்சள் மட்டும் மிஞ்சும், இதுதான் லூட்டினோ. மஞ்சள் நிறமி போனால் நீலக்கிளி. லூட்டினோ ஆணுக்குக் கழுத்துக் கறுப்பு வளையம் வெளுத்துவிடும், ரோஜா வளையமும் சிவந்த அலகும் நிற்கும். நீலக்கிளியில் தலைகீழ்: கறுப்பு வளையம் நிற்கும், ரோஜா வெள்ளையாகும்.

கேள்வி, அது காட்டில் பிறந்ததா, கூண்டிலிருந்து தப்பியதா என்பதுதான். கிளி வளர்ப்பில் மஞ்சளும் நீலமும் மலிந்த நிறங்கள். காலில் வளையம், ஒழுங்காக வெட்டிய இறக்கை நுனி, கூண்டுக் கம்பியில் உரசித் தேய்ந்த வால், ஆள் பக்கத்தில் போனாலும் பறக்காத குணம் இருந்தால் வளர்ப்புக்கிளி. மற்ற கிளிக் கூட்டத்தோடு ராத்தங்கும் மரத்துக்குப் போய், அவற்றோடே சோளக்கதிரில் இறங்கினால் காட்டுப்பிறப்பாக இருக்கலாம். கழுத்து வளையமில்லாத மஞ்சள் கிளி பெண்ணாகவோ குஞ்சாகவோதான் இருக்கும், ஆணுக்கே அந்த வளையம் உண்டு. நீலக்கிளி என்றால் தப்பி வந்தது என்றே முதலில் எடுத்துக்கொள்ளலாம்.

மாடப்புறாவை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். வளர்ப்புப் புறா ரத்தம் கலந்து கலந்து அதில் வராத நிறமில்லை. வெள்ளை மயிலும் பெரும்பாலும் பண்ணை, பூங்காச் சரக்கு. சூலனூர் மயில் சரணாலயத்தைச் சுற்றியும் பொள்ளாச்சிப் பக்கத் தோட்டங்களிலும் மயில் பெருகிக் கிடப்பதால் வெளிர்த்திட்டு விழுந்த மயில் எப்போதாவது தென்படலாம். அதற்கும் கண் கறுப்புத்தான்.

நிறமாற்றமே இல்லாதவை

அதிசயம் என்று காட்டப்படுவதில் பெரும்பங்கு சாதாரணப் பறவைகள். அக்டோபர் முதல் மார்ச் வரை தோப்பில் ஒரு பறவை, உடம்பு பால்வெள்ளை, தலை கறுப்பு, ரிப்பன் போல நீண்ட வால்: அரசவால் ஈப்பிடிப்பானின் ஆண், கேரளப் பக்கம் நாகமோகன். ஆணிலேயே செம்பழுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என இரண்டு வடிவம் உண்டு. உண்ணிக்கொக்கு இனப்பெருக்கக் காலத்தில் தலை, கழுத்து, முதுகில் ஆரஞ்சு பூசிக்கொள்ளும். மடையான் முதுகு அதே காலத்தில் கருஞ்சிவப்பாகும். ஊதாத் தேன்சிட்டு ஆண், இனப்பெருக்கம் முடிந்து நிறம் மாறும்போது மஞ்சளில் நீலத் திட்டு விழுந்து பாதி வண்ணம் அடித்து விட்டதுபோல நிற்கும். பழைய கட்டடத்தில் வெள்ளை முகத்தோடு சீறும் குஞ்சுகள் கூகைக் குஞ்சுகள், வேற்றுக்கிரகத்தவர் அல்ல.

கறையும் உண்டு. தேன்சிட்டின் நெற்றியில் மஞ்சளோ ஆரஞ்சோ இருந்தால் பூந்தாது. செங்கல் சூளைப் பக்கத்துச் சிட்டுக்குருவி சிவப்பாக இருக்கும், மழை பெய்ததும் வெளுக்கும். தென்னைநார் மட்டை ஊறிய தண்ணீரில் இறங்கும் கொக்குக்கு வயிறு பழுப்பேறலாம். கறை என்றால் இறகின் வரிவடிவம் கலைந்து, உடம்பின் அடிப்பக்கத்தில் அதிகமாகவும் முதுகில் குறைவாகவும் இருக்கும். பச்சை, ரோஸ் நிறத்தில் சில்லைக் குருவி பறந்தால் அது பிடித்துச் சாயம் பூசி விற்றதில் ஒன்று. தலை மொட்டையாகி மஞ்சள் தோல் தெரியும் மைனாவில் இறகு கொட்டியிருக்கிறது, நிறம் மாறவில்லை.

படமும் குறிப்பும்

வெள்ளைப் பறவையைத் தென்னை நிழல் பின்னணியில் எடுத்தால் கேமரா இருட்டை நம்பி வெளிச்சத்தைக் கூட்டும், பறவை வெறும் வெள்ளைக் கட்டியாகும். எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை குறையுங்கள். போனில் என்றால் பறவை மேல் விரலை அழுத்திப் பிடித்து, சூரியக் குறியைக் கீழே இழுங்கள். ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருக்க வேண்டாம். இலைநிழலின் பச்சையும் சாயங்கால மஞ்சளும் பறவை மேல் ஏறும், கேமராவும் ஒவ்வொரு படத்துக்கு ஒரு நிறம் காட்டும். 'டேலைட்' என்ற பகல்வெளிச்ச அமைப்பில் நிறுத்திவிடுங்கள். இறக்கை விரித்த படத்துக்கு ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் வேகமோ வேண்டும். காலை ஏழு முதல் ஒன்பது வரை நல்ல வெளிச்சம். உச்சிவெயிலில் ஈரமான காகத்தின் பளபளப்பே வெள்ளையாக விழும்.

எடுக்க வேண்டியவை: இடப்பக்கம், வலப்பக்கம், பறக்கும்போது மேலும் கீழும், கண், அலகு, கால் நகம். எல்லோரும் விட்டுவிடும் ஒன்று, அதே வெளிச்சத்தில் அதே இனத்தின் சாதாரணப் பறவை. ஒப்பிட அது இல்லாவிட்டால் "கொஞ்சம் வெளிறியிருக்கிறது" என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை.

பறவையைத் திரும்பத் திரும்ப வரவைக்க சோறு வேண்டாம், தண்ணீர் போதும். அகலமான மண்தட்டு, இரண்டு அங்குல ஆழம், நடுவில் ஒரு கல். பூனை பதுங்க முடியாதபடி புதரிலிருந்து பத்தடி தள்ளி வைத்து, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். குளிக்கும் பறவை இறக்கையை விரித்துக் காட்டும். நாம் தேடும் படம் அதுதான்.

குறிப்பு இப்படி இருந்தால் போதும்: "சின்னான் 1. உடல், இறக்கை, வால் வெள்ளை. வாலடிச் சிவப்பு உண்டு. கண் கறுப்பு. அலகு, கால் இளஞ்சிவப்பு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. மற்ற இரண்டு சின்னானோடு இரை தேடியது." காரணத்தின் பெயர் இதில் இல்லை, தேவையும் இல்லை. இபேர்ட் என்னும் பறவைப் பதிவு இணையதளத்தில் இனத்தின் வழக்கமான பெயரிலேயே பதிந்து, இதைக் குறிப்புப் பகுதியில் போடலாம். ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் பிப்ரவரியில் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பும் வருகின்றன. அப்போது ஒரு பதிவு, மழைக்காலம் முடிந்து நவம்பரில் ஒரு பதிவு என்று அதே பறவைக்கு இரண்டு படத்தொகுப்பு சேர்ந்தால் இறகுதிர்ப்புக்கு முன்னும் பின்னும் கிடைத்துவிடும்.

அதே பறவைதான் என்பதற்கும் ஆதாரம் வேண்டும். நரைத்த காகத்தில் வெள்ளை இறகுகளின் இடம் ஒவ்வொரு இறகுதிர்ப்பிலும் மாறக்கூடும் என்பதால் அதை அடையாளமாக நம்ப முடியாது. அலகின் கீறல், விரல் குறை, கூடு கட்டும் மரம், கூடவே திரியும் இணை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தவிட்டுக்குருவி கூட்டமாகவே ஒரு எல்லைக்குள் சுற்றுவதால் அதில் இந்தச் சிரமம் குறைவு.

கீழே விழுந்த வெள்ளைக் குஞ்சைக் கண்டால் வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம். இறகு முளைத்த குஞ்சு என்றால் பக்கத்துக் கிளையில் ஏற்றிவிட்டு விலகி நின்றால் தாய் வரும். நிறம் மாறிய குஞ்சு என்று தாய் ஒதுக்குவதில்லை. இறகு முளைக்காததாக இருந்தால் கூட்டிலேயே வைக்கலாம், கை பட்ட வாசனைக்குத் தாய் கைவிடும் என்பது கட்டுக்கதை. காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கிளி, மைனா, சின்னான், ஆந்தை எதையும் பிடிப்பதும் கூண்டில் வைப்பதும் குற்றம். நிறம் வேறாக இருப்பதால் சலுகை கிடையாது. மாறாக அந்த நிறத்துக்குத்தான் விலை. மஞ்சள் கிளி, வெளுத்த ஆந்தை போன்றவற்றின் படத்தைப் பொதுவில் போடும்போது தோப்பின் பெயரையும் மரத்தையும் சொல்லாமல், தாலுகாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போன் படத்தில் இடக்குறி பதிந்திருக்கும், அனுப்புவதற்கு முன் அதையும் அணைத்துவிடுங்கள். காகத்துக்கு இந்தக் கவலை இல்லை.